முன் அனுபவம் தேவையில்லை

கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறோம், நம்பி விட்டுப் போங்கள் என்று சொல்லும் ஒரு நோட்டீஸில் யாருடைய முகத்தைப் போட வேண்டும்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமலேயே ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தும் முடித்துவிட்டேன்.

ஒரகடம் தொழிற்பேட்டையிலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். மேல்மாடியில் வீட்டு உரிமையாளர்கள், மற்றபடி மேலே முழுக்க வாடகை அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஐந்தாறு பேர், எல்லாரும் தெற்கிலிருந்து வந்து தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். நாங்களும் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான். என் கணவர் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். நான் வேதியியல் படித்தவள். பாப்பா பிறக்கும்வரை வேறொரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். பாப்பாவுக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. நான் திரும்ப வேலைக்குப் போக வேண்டும் என்பது வீட்டின் தீர்மானம். வீடு என்றால் என் மாமியார். பாப்பாவைத் தென்காசிப் பக்கத்து ஊருக்குத் தூக்கிப்போய்த் தானே வளர்ப்பதாகச் சொல்லிவிட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாமாம். கேட்ட அன்றைக்கு நான் தலையாட்டினேன். படித்த மருமகளுக்கும் படிக்காத மருமகளுக்கும் எங்கள் வீட்டில் ஒரே ஒரு வித்தியாசம்தான். படித்தவள் காரணத்தைப் புரிந்துகொண்டு தலையாட்டுவாள்.

தலையாட்டிய வாரத்தில்தான் பேருந்து நிறுத்தத்தில் அந்தத் தம்பதியைக் கவனித்தேன். அவனுக்குக் காலை ஏ ஷிப்ட், அவளுக்கு மதியம் பி ஷிப்ட். அவன் கம்பெனி பேருந்திலிருந்து இறங்குவான். அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தன் கம்பெனிப் பேருந்தில் ஏறுவாள். இரண்டு பேருந்துக்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட இருக்காது. ஒருநாள் அவன் பேருந்து வரவில்லை. அவள் பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. குழந்தையோடு படிவரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். டிரைவர் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். அவள் அழவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே கணவரிடம் சொன்னேன். நான் வேலைக்குப் போகவில்லை, வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் வைக்கிறேன், பாப்பாவும் என்னோடு இருப்பாள் என்று. அவர் எதையும் உடனே மறுக்க மாட்டார். அவருக்கு எல்லாமே டார்கெட்.

"செரி ஏளா. மூணு பிள்ளைய சேத்துக் காட்டு. ஆடி முடிஞ்சதும் அம்மா வாரா. அதுக்குள்ள மூணு சேந்தா நீ வீட்ல இரு. இல்லன்னா அம்மா சொன்னபடிதான். பெறவு மூஞ்சத் தூக்கக் கூடாது பாத்துக்க."

அப்படித்தான் என் மகள் யாரிடம் வளர்வது என்பது ஒரு நோட்டீஸின் கையில் போயிற்று.

சிவகாசியிலிருந்து ஒரு பேருந்து தூரத்தில் பிறந்தவள் நான். எங்கள் பக்கத்தில் காலண்டர் அட்டையில் சோறு வைத்துச் சாப்பிடுவோம். ஆனால் ஒரு நோட்டீஸ் எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத காரியத்தைப் படித்தவர்கள் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்தேன்: வீடியோ பார்த்தேன். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை எடுத்துத் துடைத்தேன். பேட்டரி செத்துவிட்டதால் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். பாப்பா தூங்கும் மதிய நேரமும் மின்சாரமும் ஒன்றாகச் சேரும் வேளையில் மட்டும் நான் வடிவமைப்பாளர். வீடியோவில் தாடி வைத்த ஒருவர் கட்டளை போட்டார். இரண்டு எழுத்துருவுக்கு மேல் கூடாது. ஒரு தாள், ஒரு செய்தி. நிறைய வெற்றிடம் விடுங்கள், கண் இளைப்பாற வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதை நோட்டில் எழுதுவதைப் போல அனைத்தையும் எழுதிக்கொண்டேன்.

ஒன்பது நாளில் ஒரு நோட்டீஸ் உருவானது. வெளிர் நீலம். மேலே 'வேலைக்குப் போகிறீர்களா? குழந்தை எங்களிடம் இருக்கட்டும்' என்று இரண்டு வரி. கீழே என் போன் நம்பர். நடுவே இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு குழந்தையின் படம். சுற்றிலும் வெற்றிடம். அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், சிறிதாக்கிப் பார்த்தேன், எழுந்து கதவோரம் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அவ்வளவு அடக்கமாக இருந்ததில்லை.

கணவரிடம் காட்டினேன். தொழிற்சாலையில் ஒரு போல்ட்டைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"இதுல ரிவிஷன் நம்பர் எங்க?"

"நோட்டீஸுக்கு எதுக்குங்க அது?"

"நாளைக்கு நீ எதையாச்சும் மாத்துவே. எது பழசு, எது புதுசுன்னு எப்டித் தெரியும்? கன்ட்ரோல் வேண்டாமா? ஷிப்ட் டைமிங் இல்ல. சாப்பாடு உண்டான்னு இல்ல. கூட்டிட்டு வர வண்டி உண்டான்னு இல்ல. ஒண்ணுமே சொல்லாம வெள்ளையா விட்டா எவன் வருவான்?"

மூன்று தடவை திருத்தினார். கீழ் மூலையில் 'Rev. 03' என்று போட வைத்துவிட்டுத்தான் தூங்கப் போனார். நான் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று தோன்றியது. எனக்கு எப்போதுமே எதற்கும் இருக்கட்டும் என்றுதான் தோன்றும்.

அடுத்து வீட்டுக்கார ஆன்ட்டி. இவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு அந்த இடத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு அறை கட்டி வாடகைக்கு விட்டவர்கள். வீட்டில் காப்பகம் நடத்த அனுமதி கேட்கும்போது மரியாதைக்காக நோட்டீஸையும் காட்டினேன். அந்த மரியாதைதான் வினை.

"யார் வூட்டுப் புள்ளமா இது? கண்ணு நீலமா கீது?"

"இன்டர்நெட்ல எடுத்தது ஆன்ட்டி."

"வெள்ளக்காரப் புள்ளயா நம்ம வூட்ல வந்து குந்தப் போவுது? எடுத்துடு. ஏன், உன் பொண்ணு போட்டோவப் போடேன்? வாணாம் வாணாம், கண்ணு பட்டுடும். பஸ் ஸ்டாப்ல கீழ போட்டு மிதிப்பானுங்க வேற. சும்மா இரு, நான் ஒரு படம் தரேன்."

கொண்டுவந்தது அவர் கணவரின் படம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கூப்பிய கை. அவர் ஒருமுறை வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு நின்று தோற்றவர். பதவி வரவில்லையே தவிர, படம் நிறைய மிச்சம்.

"ஆன்ட்டி, கொழந்தைங்களப் பாத்துக்கப் போறது நான்தானே? மாமா படம் எதுக்கு?"

"உன்ன யாருக்குமா தெரியும்? நேத்து வந்த, நாளைக்கிக் காலி பண்ணுவ. இவர இங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆம்பள மூஞ்சி இருந்தாத்தான் நம்பி வுடுவாங்க."

குழந்தையைக் குளிப்பாட்டும்போதோ, சோறூட்டும்போதோ அவரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. படத்தை வாங்கிக்கொண்டேன். வீடு அவர்களுடையது. இந்த ஒரு படத்தால் என்ன குறைந்துவிடும் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், பயோடேட்டா, காதுகுத்து பேனர், இரங்கல் போஸ்டர் எல்லாம் ஒரே கணினியிலிருந்து புறப்படும். நடத்துபவர் நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா. அவர் விரல்கள் பறக்கும் வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என் பென்டிரைவைத் திறந்தார். என் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாததால் எழுத்துகள் திசைக்கொன்றாகக் கிடந்தன. அதற்கு அவர் கவலைப்படவில்லை. வேறொன்றுக்குக் கவலைப்பட்டார்.

"இன்னாம்மா, பாதி பேப்பர் காலியா கீது?"

"வெற்றிடம்க்கா. கண்ணு ரெஸ்ட் எடுக்கிறதுக்கு."

"கண்ணு வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுக்கட்டும். ஷிப்டு முடிஞ்சி எறங்குறவன் உன் வெள்ளப் பேப்பரயா பாத்துக்கினு நிப்பான்? நீலம் வேற. அடிச்சா துவைச்ச லுங்கி மாதிரி வரும். மஞ்சப் பேப்பர்ல செவப்பு அடி, பத்தடி தூரத்துலேந்து கூப்புடும். இந்த ரோட்ல எல்லாரும் அதான் அடிக்கிறாங்க."

எல்லாரும் அதைத்தான் அடிக்கிறார்கள் என்றால் அது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். தலையாட்டினேன். அக்கா முந்தின நாள் வேறு யாருக்கோ அடித்த நோட்டீஸ் ஒன்றைத் திறந்தார். அதற்குள்ளேயே அழித்து அழித்து என் வரிகளைத் தட்டினார். அந்தக் கடையில் எந்த நோட்டீஸும் புதிதாகப் பிறப்பதில்லை. ஒவ்வொன்றும் முந்தின நோட்டீஸின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்ளும். ஆன்ட்டி கணவரின் படம் வட்டத்துக்குள் ஏறியது. அது இடம் பிடித்ததால் தலைப்பின் முதல் வரி மட்டும் பெரிதாக நின்றது, குழந்தை என்ற சொல் அவர் தோளுக்குக் கீழே சுருங்கிப் போனது. கணவர் சொன்ன ஷிப்ட், சாப்பாடு, வண்டி ஆகிய மூன்றும் தடித்த எழுத்தில் நட்சத்திரங்களுக்குள் உட்கார்ந்தன.

மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "நல்லாப் படிச்சிக் கையெழுத்துப் போடும்மா. அப்பால வந்து என்னக் கேக்கக் கூடாது."

நான் நன்றாகத்தான் படித்தேன். போன் நம்பரை எட்டு முறை சரிபார்த்தேன். போதாதென்று அக்காவின் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தும் பார்த்தேன். என் கைப்பைக்குள் மணி அடித்தது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

நோட்டீஸ் கட்டு வந்ததும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷிப்ட் மாறும் மதியத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். என்ன வரவேற்பு! வழக்கமாக நோட்டீஸ் நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுக்கும் மக்கள், கேட்டு வாங்கினார்கள். ஒருவர், "அக்கா, இன்னும் நாலு குடுங்க, ரூம்ல பிரண்ட்ஸ் இருக்காங்க" என்றார். மீசைகூட முழுதாக வளராத அவர் நண்பர்களுக்குக் குழந்தைகள் காப்பகம் எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஊரில் அக்கா, அண்ணி என்று இருப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் அன்று போனதே அந்தத் தம்பதியைத் தேடித்தான். குழந்தை கைமாறும் நேரத்தில் அவளிடம் ஒன்றை நீட்டினேன். படிக்க நேரமில்லாமல் சாப்பாட்டுப் பைக்குள் சொருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை முதல் போன்.

"மேடம், நோட்டீஸ் பாத்தேன். எந்த ஷிப்ட் மேடம்?"

"எந்த ஷிப்டா இருந்தாலும் பரவால்லங்க. பாத்துக்கிறோம்."

"சாப்பாடு?"

"ரெண்டு வேளை. பருப்பு சாதம், வேகவெச்ச காய். நெய் சேக்கலாம்னா சேப்போம்."

"நெய்யா? சரிங்க மேடம். ரெஸ்ட் டைம்?"

"மதியம் ஒன்றரை மணி நேரம் கட்டாயம் தூங்க வெச்சிருவோம்."

பக்கத்தில் யாரிடமோ, 'சட்டைய எட்றா' என்று சொல்வது கேட்டது. "மேடம், நான் இப்பவே கெளம்பி வந்துடறேன்."

"பாப்பாவா, தம்பியா? வயசு என்ன?"

"இருவத்திரெண்டு மேடம். ஐடிஐ ஃபிட்டர்."

போனை வைத்துவிட்டு நோட்டீஸ் ஒன்றை எடுத்து, அவன் கண்ணால் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பார்த்தேன். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. தூரத்திலிருந்து படிக்கக் கிடைக்கும் ஒரே சொல் வேலை. அதன் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முதலாளி. எல்லா ஷிப்ட்டும் உண்டு, சாப்பாடு உண்டு, வண்டி உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில், அக்கா முந்தின நோட்டீஸிலிருந்து அழிக்க மறந்த ஒரு வரி: 'முன் அனுபவம் தேவையில்லை. ஆதார் நகலுடன் நேரில் வரவும்.' இந்தச் சாலையில் அப்படி ஒரு தாளுக்கு ஒரே அர்த்தம்தான். அதை யாரும் படிப்பதே இல்லை. நிறத்தைப் பார்த்ததுமே போனை எடுத்து நம்பரைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. பாதிப் பேர் என்னிடம் பேசவே விரும்பவில்லை. "சார் இருக்காரா? சார்கிட்ட குடுங்க" என்றார்கள். நேரில் வந்தவர்களைக் காணவே மாடியிலிருந்து சார் இறங்கி வந்துவிட்டார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பயோடேட்டாக்களை வாங்கி அடுக்கினார். "பாக்கலாம்பா, பாக்கலாம்" என்றார். அவரால் யாருக்கும் வேலை வாங்கித் தர முடியாது. ஆனால் வணக்கம் வைக்க ஆள் வந்ததில் அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது. "அடுத்த தபா நிக்கலாம்னு கீறாரும்மா, எல்லாம் உன் நோட்டீஸு ராசி" என்று ஆன்ட்டி எனக்கு ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

கணவர் வந்து ஒரு காகிதம் எடுத்தார். அவர்கள் தொழிற்சாலையில் தவறு நடந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டுக் காரணம் கண்டுபிடிப்பார்களாம்.

"ஏன் வேலைக்கு ஆள் கேக்காங்க? நோட்டீஸ் அப்டி இருக்கு. ஏன் அப்டி இருக்கு? கடைக்காரம்மா பழச அழிக்கல. ஏன் அழிக்கல? சாம்பிள நீ பாக்கல. ஏன் பாக்கல?"

"நம்பரப் பாத்துட்டு இருந்தேங்க."

"அதான் ஏளா ரூட் காஸ்." காகிதத்தில் என் பெயரை எழுதி வட்டம் போட்டார். ஐந்தாவது ஏன் தேவைப்படவில்லை. ஷிப்ட், சாப்பாடு, வண்டி மூன்றையும் போடச் சொன்னவர் எந்த ஏனிலும் வரவில்லை. 'Rev. 03' மட்டும் மூலையில் பிழையில்லாமல், தெளிவாக அச்சாகியிருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெண் போன் செய்தாள். பாப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு கையால் ஊட்டிக்கொண்டே எடுத்தேன்.

"அக்கா, பஸ் ஸ்டாப்புல நோட்டீஸ் குடுத்தீங்கல்ல? எங்க தம்பி டிப்ளமோ படிச்சிட்டு சும்மா கீறான். எதனா பாத்துக் குடுங்கக்கா." பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. "இருங்கக்கா, இது வேற. இவுங்க அப்பாக்கு இன்னிக்கி ஓ.டி. போட்டாங்க. எங்கயும் வுட ஆளில்ல, நான் லீவு போட்டுட்டு குந்திக்கினு கீறேன். அப்பால பேசுறேன்."

"வெச்சிராதம்மா," என்று கத்திவிட்டேன். பாப்பா திடுக்கிட்டு அழ ஆரம்பித்தாள். "அந்தக் கொழந்தைக்காகத்தாம்மா அந்த நோட்டீஸே அடிச்சேன்!"

இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. தாள் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு, "அய்ய, ஆமா. சின்னதா போட்டுக்கீறீங்க. கண்ணாடிக்காரரு தோளுக்குக் கீழ" என்றாள்.

அடுத்த நாள் தன் ஷிப்டுக்கு முன் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். நிறுத்தத்தில் பேருந்தைத் தவறவிட்ட அதே பெண்தான். ஒரு வாரம் கழித்து, மாடியில் இருக்கும் ஒருவர் தன் அண்ணியின் குழந்தையைச் சேர்த்தார். அவரும் முதலில் வேலை கேட்டுக் கீழே இறங்கியவர்தான். ஆக, இரண்டு. பாப்பாவைச் சேர்த்து மூன்று என்று கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நம்ம பிள்ளைய எண்ணப்படாது, அது டபுள் கவுன்ட்" என்றார்.

மாமியார் ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டார். ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நானும் மறுபடி நோட்டீஸ் அடிக்கத் தீர்மானித்துவிட்டேன், இந்த முறை வெறும் நூறு, வெள்ளைத் தாளில். மஞ்சள் தாள்கள் இன்னும் பாதிக் கட்டு கிடக்கின்றன. மூன்று குழந்தைகளும் அவற்றின் பின்பக்கம் கிறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். முன் அனுபவம் தேவையில்லை என்ற வரி அவர்களுக்குத்தான் பொருந்தியிருக்கிறது.

போன வாரம் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், என்னை முன்பின் தெரியாமல் எதை நம்பிக் குழந்தையை விட்டாய் என்று. "அன்னிக்கி போன்ல பேசிக்கினே உங்க பொண்ணுக்கு ஏதோ ஊட்டிக்கினு இருந்தீங்கல்ல? 'ஆ காட்டு, ஆ காட்டு'ன்னு. அதான்க்கா" என்றாள். அதை எந்த எழுத்துருவில் அச்சடிப்பது?

ஆன்ட்டி, சார் படம் இல்லாமல் அடித்தால் ராசி போய்விடும் என்கிறார். கணவர் 'Rev. 04' என்று குறித்து வைத்துவிட்டார். பாப்பா படத்தைப் போடலாம், ஆனால் பேருந்து நிறுத்தத்துச் சேற்றில் அந்த முகத்தின்மேல் செருப்புக்கால்கள் போவதை என்னால் பார்க்க முடியாது. என் முகத்தைப் போடலாம் என்று நேற்று போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருப்பவளின் முகம். அதை நம்பி ஒரு குழந்தையை நானே விடுவேனா என்று தெரியவில்லை. படமே இல்லாமல் விட்டால் ஆன்ட்டியின் கேள்வி திரும்ப வரும்: உன்னை யாருக்கும்மா தெரியும்?

இதைப் படிக்கும் உங்களில் குழந்தையை ஒருவரிடம் விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடியவர்கள் இருப்பீர்கள். முதல் நாள் எதைப் பார்த்து விட்டீர்கள்? முகத்தையா, வீட்டையா, அங்கே தரையில் உட்கார்ந்திருந்த இன்னொரு குழந்தையையா? எனக்கு இன்னும் ஒரே ஒரு குழந்தை வேண்டும். அந்த நோட்டீஸில் யாரைப் போடட்டும், சொல்லுங்கள். எப்போதும்போலத் தலையாட்டிவிட மாட்டேன். யோசித்துத்தான் முடிவெடுப்பேன். ஆனால் ஆடி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.